‘மே போனெஸ் உன் கஃபே?’: மாட்ரிட் பார்களில் கேட்டுக் குடிக்கக் கற்ற கதை

2018 அக்டோபர். மாட்ரிட் வந்து மூன்றாவது நாள் காலை. குவாத்ரோ கமினோஸ் பக்கம் நான் குடியிருந்த கட்டடத்துக்குக் கீழேயே ஒரு பார் இருந்தது. சென்னையில் எட்டு மாதம் வகுப்புக்குப் போய் ஸ்பானியம் படித்திருந்தேன். படியிறங்கும்போதே வாக்கியத்தை மனதில் கட்டிக்கொண்டேன்: “போத்ரியா தெனெர் உன் கஃபே கோன் லெச்சே, பொர் ஃபபோர்?” ‘தயவுசெய்து நான் ஒரு பால் காபி பெற்றுக்கொள்ள இயலுமா’ என்பது மாதிரி. இலக்கணத்தில் பிழை கிடையாது. கவுண்டருக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார், தலையசைத்தார், காபியை வைத்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு அடுத்து ஒரு பாட்டி வந்தார். கதவைத் தள்ளும்போதே “புவேனாஸ்!” என்று கடையில் இருந்த எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம். பிறகு கைப்பையை மாட்டிக்கொண்டே, “மே போனெஸ் உன் கொர்த்தாதோ, குவாந்தோ புவேதாஸ்.” சிறிது பால் விட்ட காபி ஒன்று, அவ்வளவுதான். தயவுசெய்து என்ற சொல் வரவில்லை. ஆனால் பெரியவர் முகம் மலர்ந்தது. காபி வருவதற்குள் பாட்டியின் முழங்கால், அந்த வாரத்து மழை, பேரனின் பள்ளிக்கூடம் எல்லாம் பேசி முடித்தார்கள். நான் ஓரமாக நின்று குடித்துவிட்டுக் கிளம்பினேன். என் வாக்கியத்தில் மரியாதைச் சொற்கள் அதிகம். மரியாதையாக உணரப்பட்டது பாட்டியின் வாக்கியம். இது ஏன் என்று புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். ‘பார்’ என்றதும் நம் ஊரில் வருகிற நினைப்பு வேறு. “காலையில பார்ல சாப்பிட்டேன்மா” என்று போனில் சொன்னபோது அம்மா பதறிப்போனார். ஸ்பெயினில் பார் என்பது நம் டீக்கடையும் சிற்றுண்டிக் கடையும் சேர்ந்த இடம். காலை ஏழு மணிக்குத் திறக்கும். ரொட்டியை வாட்டி, மேலே தக்காளி விழுதும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றித் தருவார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு அம்மாக்கள் வருவார்கள், தெரு கூட்டுபவர்கள் வருவார்கள், வங்கி ஊழியர்கள் வருவார்கள். தனியாக எண்பது வயதுப் பாட்டிகள் வந்து கவுண்டரில் சாய்ந்து நின்று காபி குடிப்பார்கள். இதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. விருதுநகரில் சிறுமியாக அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததோடு சரி. வளர்ந்த பிறகு அங்கே தனியாகப் போய் நின்று ஒரு டீ குடித்ததே இல்லை. என் அம்மா அவர் வாழ்நாளிலேயே குடித்ததில்லை. மாட்ரிட்டின் இந்தக் கவுண்டரில் எனக்கும் ஒரு இடம் வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் கேட்கிற முறையைக் கவனமாகக் கற்றுக்கொண்டேன்.

விடை கிடைத்தது ஒரு சொல்லில். கவுண்டருக்குப் போனால் அவர்கள் கேட்பது “கே தே போங்கோ?” என்று. ஆரம்பத்தில் மொத்தமாக ஒரு ஓசையாகத்தான் காதில் விழுந்தது. ஒருநாள் பிரித்துப் பார்த்தேன். ‘கே’ என்றால் என்ன. ‘தே’ என்றால் உனக்கு. ‘போங்கோ’ என்பது ‘போனெர்’ என்ற வினையிலிருந்து வருவது. போனெர் என்றால் வை, இடு, போடு. அதாவது, “உனக்கு என்ன போட?” என் ஊர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மாஸ்டர் கேட்பதும் இதேதான். நாம் சொல்வதும் அதேதான்: “மாஸ்டர், ஒரு டீ போடுங்க.” டீயைத் ‘தர’ச் சொல்வதைவிடப் ‘போட’ச் சொல்வதுதான் நம் வாயில் முதலில் வரும். ‘மே போனெஸ் உன் கஃபே?’ என்றால் ‘எனக்கு ஒரு காபி போடுறீங்களா?’ சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. நான் ஸ்பானியத்தை ஆங்கிலம் வழியாகக் கற்றிருந்தேன். பாடப் புத்தகம் ஆங்கிலத்தில், விளக்கம் ஆங்கிலத்தில். அதனால் ஆங்கிலத்தில் மரியாதை எப்படிக் காட்டப்படுமோ, அந்த ‘இயலுமா, பெறலாமா, தயவுசெய்து’ எல்லாவற்றையும் தூக்கி ஸ்பானியத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். தமிழில் யோசித்திருந்தால் இந்தச் சுற்று தேவைப்பட்டிருக்காது. நாம் டீக்கடையில் தயவுசெய்து என்று சொல்கிறோமா? சொன்னால் மாஸ்டர் நிமிர்ந்து பார்ப்பார். நம் மரியாதை ‘ங்க’வில் இருக்கிறது, ‘அண்ணே’வில் இருக்கிறது, கேட்கும் குரலில் இருக்கிறது. ஸ்பெயினின் பாரிலும் அப்படித்தான். நுழையும்போது சொல்லும் வணக்கம், கண்ணைப் பார்த்துக் கேட்பது, கேள்வியாகக் கேட்பது, ‘குவாந்தோ புவேதாஸ்’ சேர்ப்பது: இந்த நான்கில் மரியாதை முழுக்க அடங்கிவிடுகிறது. ‘பொர் ஃபபோர்’ சொன்னால் தவறில்லை, நான் இன்றும் சொல்கிறேன். அதைச் சொன்னால் மட்டும் போதும் என்று நினைப்பதுதான் தவறு.

‘குவாந்தோ புவேதாஸ்’ என்றால் ‘உன்னால் முடியும்போது’. நம்மூரில் “மெதுவா போடுங்கண்ணே, அவசரமில்ல” என்போமே, அந்த இடம். மூன்று பேருக்குக் காபி போட்டு, நடுவில் ரொட்டி வாட்டி, காசும் வாங்கிக்கொண்டிருப்பவரிடம் ‘உங்க கையில வேலை இருக்குன்னு எனக்குத் தெரியுது’ என்று சொல்லிவிடுகிற தொடர் இது. ஸ்பானியத்தில் ஒரே ஒரு தொடரைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால், இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். பில் கேட்கவும் இதுதான்: “லா குவென்தா, குவாந்தோ புவேதாஸ்.”

இதற்குக் கடைக்காரர் “போய்!” என்று பதில் சொல்வார். ‘இதோ வரேன்’ என்று அர்த்தம். எழுத்தில் ‘வ’ மாதிரி இருந்தாலும் ஒலி ‘ப’தான். நேர்ப் பொருள் ‘போகிறேன்’. நாம் கிளம்பும்போது ‘வரேன்’ என்கிறோம், அவர்கள் வரும்போது ‘போகிறேன்’ என்கிறார்கள். முதல் வாரம் முழுக்க இந்தப் ‘போய்’ என் காதில் தமிழாகவே விழுந்தது.

‘நீ’யா ‘நீங்க’ளா என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் சங்கடம் கொடுத்த இடம் இது. ஸ்பானியத்தில் ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தேத்’ என்றால் நீங்கள். தமிழ் மனசுக்கு, அறுபது தாண்டிய கடைக்காரரிடம் ‘தூ’ போட நா எழாது. அதனால் நான் ‘மே போனெ’, ‘குவாந்தோ புவேதா’ என்று உஸ்தேத் வடிவிலேயே கேட்டுவந்தேன். மூன்று வாரம் கழித்து ஒருநாள் பெரியவர், காபியை வைத்துவிட்டு, தன்னை ‘தூ’ என்றே கூப்பிடும்படி சொன்னார். நான் அவரைத் தள்ளி நிறுத்துவதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. மரியாதை என்று நான் நினைத்துக் கொடுத்தது அவர் கைக்கு அந்நியமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்றைய ஸ்பெயினில், முக்கியமாக மாட்ரிட்டில், பார் கவுண்டரின் மொழி பெரும்பாலும் ‘தூ’தான். அது நம் ‘நீ’ போல இறக்குகிற சொல் அல்ல. வீட்டு மனிதராகச் சேர்த்துக்கொள்கிற சொல். நம் வீட்டில் அம்மாவை ‘நீ’ என்று கூப்பிடுவோமே, அந்த ‘நீ’ என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகுதான் என் வாய் பழகியது.

ஆனாலும் எல்லா இடத்திலும் ‘தூ’ போடாதீர்கள். வெள்ளைக் கோட்டு போட்ட வயதான பணியாளர்கள் இருக்கும் பழைய கஃபேக்களில் அவர்களே உங்களை உஸ்தேத் என்பார்கள். அங்கே அதுவே முறை. சிறிய ஊர்களில் மிகவும் முதியவர்களிடமும் உஸ்தேத் நல்லது. நான் வைத்திருக்கும் வழி, அவர்கள் முதலில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பது. “கே தே போங்கோ?” என்றால் ‘தூ’. “கே லே போங்கோ?” என்றால் ‘உஸ்தேத்’. அந்த ‘தே’, ‘லே’ இரண்டையும் காதில் பிடித்துவிட்டால் போதும்.

2019 கோடையில் சென்னையிலிருந்து நண்பர்கள் ஆறு பேர் வந்தார்கள். ஸ்பெயினின் தெற்கே கிரனாதா நகரத்துக்குப் போயிருந்தோம். மாலை எட்டு மணி, நெரிசலான பார். நண்பர் ஒருவர் கவுண்டரில் கையை உயர்த்தி, விரலைச் சொடுக்கி, “ஹலோ, ப்ளீஸ்” என்றார். மனிதர் நல்லவர், ப்ளீஸை நான்கு முறை சொன்னார். அவருக்குப் பின்னால் வந்த மூன்று பேருக்குக் கொடுத்த பிறகே அவரிடம் வந்தார்கள். தன் நிறத்தைப் பார்த்துத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று அவர் மனம் நொந்துபோனார். அப்படி நடக்கும் இடமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று நடந்தது அதுவல்ல. விரல் சொடுக்குவதும், கை தட்டுவதும், வேறொருவரைக் கவனித்துக்கொண்டிருப்பவரை இடைமறிப்பதும் அங்கே அவமதிப்பு. நான் போய் நின்றேன். கவுண்டரில் இருந்தவரின் பார்வை என் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தேன். திரும்பியதும் “புவேனாஸ்”, புருவத்தை லேசாக உயர்த்தி “குவாந்தோ புவேதாஸ்.” “போய்!” என்றார். இரண்டு நிமிடத்தில் வந்தார். அவர் நம்மைப் பார்த்துவிட்டால் வரிசையில் நமக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். கூப்பிட்டே ஆக வேண்டுமென்றால் “பெர்தோனா” என்பது போதும். மன்னிக்கணும் என்று பொருள். புத்தகத்தில் படித்த ‘காமரேரோ’ என்ற சொல்லை, அதாவது ‘சர்வர்!’ என்று, இங்கே யாரும் கூவுவதை நான் கேட்டதில்லை.

கூட்டமாகப் போனால் இன்னொன்று. ஆளாளுக்கு ஒன்றாகச் சொல்லாமல், ஒருவர் கணக்கெடுத்து ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். என்ன வேண்டும் என்று அவர் முன்னால் நின்றுகொண்டு யோசிப்பதுதான் அங்கே பெரிய குற்றம்.

கிரனாதாவில் குடிக்க எது வாங்கினாலும் தின்பதற்கு ஒரு சிறு தட்டு இலவசமாக வரும். அதுதான் தாப்பா. அல்மெரியா, ஹயேன், லெயோன் பக்கமும் இந்த வழக்கம் உண்டு. மாட்ரிட்டில் ஆலிவ் காய்களோ உருளைக்கிழங்கு வறுவலோ வரும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் பானம் கேட்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. வெறுமனே ‘வெஜிடேரியன்’ என்றால் சூரை மீன் போட்ட தட்டு வர வாய்ப்புண்டு. “நோ கோமோ கார்னே நி பெஸ்காதோ” என்று விரித்துச் சொல்லுங்கள்: இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன்.

‘எனக்கு வேணும்’ என்று நேராகச் சொல்லும் ‘கியேரோ’வைப் பற்றி ஒரு வார்த்தை. பிழையில்லை, ஆனால் குழந்தை அடம்பிடிக்கிற சாயல் அதில் கொஞ்சம் உண்டு. அதையே இறந்தகாலத்துக்கு நகர்த்தி ‘கெரியா’ என்றால் இதமாகிவிடும். “கெரியா உன் கஃபே” என்றால் ‘ஒரு காபி வேணும்னு வந்தேன்’ என்பது போல. பாடப் புத்தகங்கள் ‘கிசியேரா’வைச் சொல்லித் தரும், நல்ல உணவகத்தில் மேசையில் உட்கார்ந்து சொல்லலாம், பார் கவுண்டரில் அது அலங்காரமாகத் தெரியும்.

காபி வகைகளில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். ‘ஸ்ட்ராங்கா, சக்கரை கம்மி, டிகாஷன் தூக்கலா’ என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது எளிது. ‘சோலோ’ என்றால் பாலில்லாமல் சிறு கோப்பை. ‘கொர்த்தாதோ’ என்றால் அதில் சிறிது பால். ‘வெட்டியது’ என்று பொருள். ‘கோன் லெச்சே’ பாதிக்குப் பாதி. ‘மஞ்சாதோ’ பெரும்பாலும் பால், காபி பெயருக்கு. கோடையில் ‘கஃபே கோன் இயெலோ’ கேட்டால், சூடான காபியும் பனிக்கட்டி போட்ட தனிக் கண்ணாடித் தம்ளரும் வரும். சர்க்கரையைச் சூட்டிலேயே கலந்துவிட்டு, பிறகு காபியைப் பனிக்கட்டி மேல் நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும். பல பார்களில் ‘தொர்ரெஃபாக்தோ’ என்று, சர்க்கரை சேர்த்துக் கருகலாக வறுத்த கொட்டையைக் கலந்திருப்பார்கள். கசப்பு தூக்கலாக இருக்கும். சிக்கரி கலந்த காபியில் வளர்ந்த எனக்கு அந்தக் கசப்பு முதல் நாளே பிடித்துவிட்டது.

மாலகாவில் இதற்கு ஒரு தனி அகராதியே உண்டு. அங்கே அரசியல் சாசனச் சதுக்கத்தில் ‘கஃபே சென்த்ரால்’ என்று ஒரு பழைய கடை இருந்தது. 2022 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அதற்கு முன்பு நான் போயிருந்தேன். சுவரில் ஓடுகள் பதித்து, வரிசையாகக் கண்ணாடித் தம்ளர்கள் வரைந்து, காபி எவ்வளவு, பால் எவ்வளவு என்று காட்டியிருந்தார்கள். முழுக்கக் காபி ‘சோலோ’. பாதி ‘மிதாத்’. அதற்கும் குறைந்தால் ‘சொம்ப்ரா’, நிழல். இன்னும் குறைந்தால் ‘நூபே’, மேகம். கடைசியில் பத்தாவதாக ஒரு காலித் தம்ளர். அதன் பெயர் ‘நோ மே லோ போங்கா’. அதாவது, ‘எனக்கு அதைப் போடாதீங்க’. மீண்டும் அதே போடு. அந்தச் சுவர் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன். மாலகாவில் இன்றும் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்கலாம். மாட்ரிட்டில் ‘நூபே’ கேட்டால் விளங்காமல் போகலாம்.

நான் மது அருந்துவதில்லை. என்னைப் போன்றவர்களுக்கும் பாரில் இடம் தாராளமாக இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஞாயிறு மதியம் எல்லோரும் ‘பெர்முத்’ என்னும் மூலிகை வைன் குடிக்கும் நேரத்தில் நான் “உன் மோஸ்தோ” கேட்பேன். புளிக்காத திராட்சைச் சாறு. குளிரக் குளிர, சில கடைகளில் ஆலிவ் காயும் ஆரஞ்சுத் துண்டும் போட்டு வரும். பார்ப்பதற்கு மற்றவர்கள் கையில் இருப்பது போலவே இருக்கும். மதுவில்லாத பீர் கேட்பதும் அங்கே அன்றாட வழக்கம், யாரும் காரணம் கேட்பதில்லை. அதில் ஒரு நுணுக்கம்: ‘சின்’, அதாவது ‘இல்லாமல்’, என்று கேட்டால் வருவதில் சட்டப்படி 1 சதவீதத்துக்கும் குறைவாக மது இருக்கலாம். மதநம்பிக்கையாலோ மருந்தாலோ அந்த அளவும் வேண்டாம் என்பவர்கள் ‘தெரோ தெரோ’ என்று கேளுங்கள், பூஜ்யம் பூஜ்யம். வலென்சியா பக்கம் போனால் ‘ஒர்ச்சாத்தா’. சூஃபா என்னும் சிறு கிழங்கை அரைத்துப் பிழிந்த பால். நம் கோரைக்கிழங்குக்கு உறவு.

பீர் குடிக்கும் நண்பர்களுக்காகச் சுருக்கமாக: வெறுமனே ‘தெர்பேதா’ என்று கேட்பதைவிட அளவைச் சொல்லிக் கேட்பதே வழக்கம். குழாயிலிருந்து பிடிக்கும் சிறு தம்ளர், ஏறத்தாழ 200 மில்லி, ‘காஞா’. அதைவிடப் பெரியது ‘தோப்லெ’. 330 மில்லி பாட்டில் ‘தெர்த்தியோ’. எலுமிச்சை சோடா கலந்தது ‘கிளாரா’. சாங்ரியாவைவிட, சிவப்பு வைனில் சோடா கலந்த ‘தின்தோ தெ பெரானோ’வைத்தான் உள்ளூர்க்காரர்கள் கோடையில் அதிகம் கேட்கிறார்கள்.

தண்ணீர் கேட்கத் தயங்காதீர்கள். 2022 ஏப்ரலில் வந்த 7/2022 எண்ணுள்ள கழிவுச் சட்டப்படி, உணவகங்களும் பார்களும் கேட்டவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலைக் குறைக்கத்தான் அந்த விதி. “மே போனெஸ் உன் பாசோ தெ ஆகுவா தெல் கிரிஃபோ?” என்றால் ஒரு தம்ளர் குழாய்த் தண்ணீர். மாட்ரிட்காரர்களுக்குத் தங்கள் தண்ணீரில் பெருமை அதிகம். வடக்கே மலையிலிருந்து கால்வாய் வழியாக நகரத்துக்குத் தண்ணீர் வந்தது 1858இல். பாட்டில் வாங்கினால், குளிர்ச்சி வேண்டாதவர்கள் ‘தெல் தியெம்போ’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தில் இருப்பது வரும். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த ஒரு சொல் பெரிய உதவி.

2023 மே மாதம் அப்பா வந்தார். வயது 68. பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்பானியம் ஒரு எழுத்தும் தெரியாது, ஆங்கிலமும் அளவோடுதான். முதல் நாள் காபியை வாயில் வைத்ததும், “என்னம்மா, ஆறிப்போயிருக்கு?” என்றார். நம் சூடு வேறு, அவர்கள் சூடு வேறு. பாலை எப்படி வேண்டும் என்று அங்கே கேட்பார்கள்: ‘கலியென்தே’ சூடு, ‘தெம்ப்லாதா’ வெதுவெதுப்பு, ‘ஃப்ரியா’ குளிர். அப்பாவுக்கு “மூய் கலியென்தே” என்று சொல்லிக் கொடுத்தேன், மிகவும் சூடாக. அத்தோடு ‘புவேனாஸ்’, ‘மே போனெஸ்’, ‘கிராத்தியாஸ்’.

உச்சரிப்பைத் தமிழில் எழுதிக் கொடுத்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. நம் எழுத்து ஸ்பானியத்துக்கு அழகாகப் பொருந்துகிறது. ஸ்பானிய ‘த’ நம் ‘த’தான், நாக்கு பல்லைத் தொட வேண்டும். ஆங்கிலப் பழக்கத்தில் நாம் ‘டின்டோ’, ‘கோர்டாடோ’ என்கிறோம், அதுதான் காதில் அந்நியமாகக் கேட்கிறது. ‘கொர்த்தாதோ’ என்று எழுதினால், ‘த்த’ வலிக்கிறது, அடுத்து உயிருக்கு நடுவில் வரும் ‘த’ ‘அது’வில் போல மெலிகிறது, மாட்ரிட்காரர் சொல்வதும் அப்படியே. ‘போங்கோ’வில் ‘ங்க’ தானாக மெலிகிறது. ‘காஞா’வின் நடுவில் இருப்பது நம் ‘ஞ’வேதான், ஆங்கில வழியில் வருகிறவர்கள் அந்த ஒலிக்குத் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். ‘வீனோ’ என்று எழுத்தில் இருந்தாலும் ‘பஸ்’ஸில் வரும் ‘ப’ மாதிரி ‘பீனோ’. ‘ஹார்ரா’, அதாவது ஜாடி, என்பதில் உள்ள ரகரத்தை உருட்ட வேண்டும். அப்பா இதையெல்லாம் ஒரு சிறு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

நான் ஆய்வகத்துக்குப் போன பிறகு பத்து மணிக்கு அவரே தனியாக இறங்கிப் போனார். மாலையில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். “புவேனாஸ்னேன். அவரும் சொன்னாரு. மே போனெஸ் உன் கஃபே, மூய் கலியென்தே, குவாந்தோ புவேதாஸ்னேன். போட்டுக் குடுத்துட்டாரு,” என்றார். நடுவில் “அண்ணே” என்று சேர்த்துக்கொண்டாராம். கடைக்காரர் தன்னைவிட மூத்தவராகத் தெரிந்ததால் அப்படிக் கூப்பிட்டால்தான் சரியாக இருந்தது என்றார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். அப்பா கதவைத் திறந்ததுமே பெரியவர் கேட்டார்: “லோ தெ சியெம்ப்ரெ?” வழக்கமானதுதானே, என்று. அப்பாவின் பால் ஏற்கனவே நுரைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கேள்வி வருவதற்கு ஏழு மாதம் பிடித்திருந்தது.

ஸ்பெயினில் பழகிய இதே வாக்கியத்தை அட்லாண்டிக்கைத் தாண்டி எடுத்துப் போகாதீர்கள். 2022இல் ஒரு கருத்தரங்குக்காகக் கொலம்பியாவின் தலைநகர் பொகோத்தா போனேன். அங்கே ‘தின்தோ’ என்றால் கறுப்புக் காபி; மாட்ரிட்டில் அதையே கேட்டால் சிவப்பு வைன் வரும். ‘மே போனெஸ்’ அங்கே ஒட்டாது. “மே ரெகாலா உன் தின்தோ?” என்கிறார்கள். ரெகாலார் என்றால் பரிசாகக் கொடு! காசு கொடுத்து வாங்கும் காபியை, ‘எனக்கு ஒரு காபியைப் பரிசாகத் தர்றீங்களா’ என்று கேட்கிறார்கள். பதிலுக்குக் கடைக்காரம்மா, “கோன் முச்சோ குஸ்தோ”, மிகுந்த விருப்பத்தோடு, என்பார். நண்பர்களுக்குள்ளேயும் குடும்பத்துக்குள்ளேயும் உஸ்தேத் புழங்குகிற ஊர் அது. என் தமிழ் நாக்குக்கு அந்தப் பத்து நாளும் நிம்மதியாக இருந்தது. மெக்சிகோ நாட்டுத் தோழி ஒருத்தி தன் ஊரில் ‘மே தா’, அதாவது ‘எனக்குத் தர்றீங்களா’ என்று கேட்பதே வழக்கம் என்கிறாள். அவர்கள் விரும்பிக் குடிக்கும் பானங்களில் ஒன்று ‘ஆகுவா தெ தமரின்தோ’, புளித்தண்ணீர். இனிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்த நம் பானகத்தை நினைவூட்டும். தமரின்தோ என்ற பெயரே, ‘இந்தியப் பேரீச்சை’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

காசு கொடுக்கும் இடத்துக்கு வருகிறேன். பெரும்பாலான பார்களில் குடித்து முடித்த பிறகுதான் காசு. “மே கோப்ராஸ்?” என்று கேட்க வேண்டும், ‘காசு எடுத்துக்கிறீங்களா?’ அதே ‘மே’, அதே கேள்வி. வெளியே நாற்காலி போட்ட இடத்தில் உட்கார்ந்தால் சில கடைகளில் விலை கூடும். டிப்ஸ் கட்டாயம் இல்லை. சில்லறையைச் சிறு தட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. “தே இன்பீத்தோ” என்று யாராவது சொன்னால், வெறும் அழைப்பு மட்டும் அல்ல, காசு அவருடையது என்று அர்த்தம். அடுத்த முறை நாம் முந்திக்கொள்ள வேண்டும். பிறந்தநாள் என்றால் பிறந்தநாள்காரர்தான் எல்லோருக்கும் வாங்கித் தர வேண்டும். இது தெரியாமல் என் முதல் பிறந்தநாளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதற்கு இன்றும் வருந்துகிறேன். நன்றி சொன்னால் “ஆ தீ” என்பார்கள்: நன்றி உனக்குத்தான்.

வெளியே வரும்போது பேசாமல் வரக்கூடாது. நுழையும்போது சொன்ன ‘புவேனாஸ்’ போலவே, கிளம்பும்போது “ஆஸ்தா லுவேகோ” என்று கடைக்கே பொதுவாகச் சொல்ல வேண்டும். பிறகு பார்ப்போம் என்று பொருள். திரும்பி வரவே போவதில்லை என்றாலும் இதுதான் சொல்வது. போகிறேன் என்று சொல்லாமல் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜூன் கடைசியில் அப்பா ஊருக்குக் கிளம்பிய அன்று, பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டுக் கடைசியாக ஒரு காபி குடிக்கப் போனோம். காசு கொடுத்தார், மிச்சச் சில்லறையைத் தட்டில் விட்டார். கதவருகே நின்று, ஸ்பானியம் மறந்துபோய், “வரேங்க” என்றார். பெரியவர் கையை உயர்த்தினார். செய்தித்தாளில் இருந்தவரும், முழங்கால் வலிப் பாட்டியும், இன்னும் இரண்டு பேரும், தலை நிமிராமலேயே “ஆஸ்தா லுவேகோ” என்றார்கள்.